மூன்று மாத வாடகை பாக்கி: நாலு போர்ஷன் வீடு ஒன்றின் முதல் வருடம்

கீழ்த்தளத்து முன் போர்ஷன்காரர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, அவரைக் காலி செய்ய வைக்க என்ன வழி என்பதுதான் வீட்டு உரிமையாளர் என்னிடம் கொண்டுவந்த கேள்வி. வக்கீல் நோட்டீஸ் ஒன்றைத் தட்டச்சு செய்தே எடுத்து வந்திருந்தார். நான் வக்கீல் இல்லை. பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பு வேலைகளை மேற்பார்வை செய்பவன். மேல்தளக் குளியலறைக்கு மதிப்பீடு போடத்தான் என்னை அழைத்திருந்தார்கள். வாடகை பாக்கியும் குளியலறையும் ஒரே விவகாரம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

வீடு சென்னையின் தென்புறநகரில் இருக்கிறது. தெருவையும் ஆட்களின் அடையாளத்தையும் விட்டுவிடுகிறேன். 1990-களின் கடைசியில் கட்டியது. கீழே இரண்டு போர்ஷன், மேலே இரண்டு. 2023 ஆவணியில் வங்கிக் கடனில் வாங்கினார்கள். கணவன், மனைவி இருவருக்கும் மாதச் சம்பளம். நாலு வாடகை வந்தால் தவணையில் பெரும்பகுதி அடைந்துவிடும் என்பது கணக்கு. இந்தக் கணக்கில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நாலு வாடகையும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வரும் என்று வைத்துக்கொண்டுதான் எல்லோரும் போடுகிறார்கள்.

விற்றவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தார்: யார் குடியிருக்கிறார், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு. முன் போர்ஷனுக்கு வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. அந்தப் போர்ஷனில் இருப்பவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு எட்டு வருடத்துக்கு மேலாக அங்கேயே குடியிருக்கிறார். புதிய உரிமையாளருக்கு அவர் அனுப்பிய முதல் மாத வாடகை 11,500. கேட்டதற்கு, “பழைய ஓனர் வாங்கியது இவ்வளவுதான் சார்” என்றார். வாங்கியவர் மனதில் அன்றைக்கே அந்த ஆள் ஏமாற்றுக்காரர் ஆகிவிட்டார்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெரும்பாலான புறநகர் வீடுகளைப் போல இங்கேயும் சுற்றிலும் தண்ணீர். அது வடிந்த பிறகு, முன் போர்ஷனின் படுக்கையறைக் கூரையில் ஒரு மூலை கறுத்திருப்பதைக் கணக்கர் காட்டினார். புயல் மழை இறங்கியிருக்கிறது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். கொஞ்சம் காயவிட்டு, நீர்க்கசிவைத் தடுக்கும் என்று விற்கும் பெயின்ட்டை அடித்தார்கள். செலவு 6,500 ரூபாய். ஜனவரி கடைசியில் அந்தப் பெயின்ட் கொப்பளித்துத் தொங்கியது. பிப்ரவரியில் கைப்பிடி அளவு காரை பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. கணக்கர் கட்டிலை ஹாலுக்கு நகர்த்தினார். ஜனவரியிலேயே வாடகையை நிறுத்தியவர், “சரிசெய்யும்வரை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

நான் போனது மார்ச்சில். பொங்கலுக்குப் பிறகு பெரிய மழை இல்லை. இருந்தும் கறை வளர்ந்துகொண்டிருந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. அந்த மூலைக்கு நேர் மேலே மேல் முன் போர்ஷனின் குளியலறை. அதற்குள் நுழைய ஒரு படி ஏற வேண்டும். அந்தப் படியைப் பார்த்ததுமே பாதி விஷயம் விளங்கியது. முதலில் கட்டும்போது அது குளியலறையாக இருந்திருக்காது. அப்படி இருந்திருந்தால் தளத்தைப் பள்ளமாக வார்த்துக் குழாய்களை அதற்குள் இறக்கியிருப்பார்கள். யாரோ பின்னாளில் அறையின் ஒரு மூலையைத் தடுத்து, சமதளத்தின் மேலேயே குழாயைப் படுக்க வைத்து, அதைச் சுற்றிச் செங்கல் ஜல்லியை நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்த நிரப்பலுக்குள் தண்ணீர் இறங்கினால் வெளியேற வழியில்லை. ஊறிக்கொண்டே கிடக்கும்.

எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் உடைப்பது பணத்துக்குக் கேடு. கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினோம். இரண்டு நாளில் ஈரம் கோட்டைத் தாண்டியது. அடுத்து, மாடித் தொட்டியிலிருந்து அந்தக் குளியலறைக்கு வரும் கேட் வால்வை இரவு முழுக்க மூடி வைத்தோம். காலையில் எந்த மாற்றமும் இல்லை. அந்த வாரக் கடைசியில் மேல் வீட்டார் ஊருக்குப் போனார்கள். வால்வு திறந்தே இருந்தது, குளிப்பவர் மட்டும் இல்லை. இரண்டு நாளில் கறையின் ஓரம் வெளுத்தது. ஆகவே வரும் குழாயில் பழுதில்லை, போகும் வழியில்தான் பழுது.

போகும் வழி என்றால் தரையா, தரையில் தண்ணீர் இறங்கும் டிராப்பா என்பது அடுத்த கேள்வி. டிராப்பின் வாயைத் துணியாலும் பிளாஸ்டிக் தாளாலும் அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் அளவுக் கோடு போட்டு ஒரு நாள் விட்டோம். மட்டம் ஏறத்தாழ அப்படியே நின்றது. பிறகு அந்தத் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து, அடைப்பை எடுத்துவிட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் கீழே, சுவரை ஒட்டிக் குழாய் வெளியேறும் இடத்தில், நீலச் சாயல் தெரிந்தது. டிராப்பும் குழாயும் சேரும் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. கணக்கர் நாற்காலியில் ஏறி அந்த நீலத்தைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அவர் எதையும் விடமாட்டார்.

கீழிருந்து எந்தப் பெயின்ட் அடித்தாலும் இது நிற்காது. தண்ணீர் வருவது மேலிருந்து. கீழே அடைத்தால் அது கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த விரிவுதான் காரையைப் பெயர்த்துத் தள்ளுகிறது. டிசம்பரில் செலவழித்த 6,500 ரூபாய் வீண்போனதோடு நிற்கவில்லை, நோயை இரண்டு மாதம் மறைத்தும் வைத்தது.

இதற்கிடையில் உரிமையாளரின் உறவினர் ஒருவர் எளிய வழி ஒன்று சொல்லியிருந்தார்: “தண்ணீரை நிறுத்துங்கள், தானாகக் காலி செய்வான்.” சொந்த வீடு வாங்கியவருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் ஆலோசனை இதுவாகத்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, துப்புரவு வசதி ஆகிய எதையும் குடியிருப்பவருக்கு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர் வாடகை அதிகாரியிடம் போகலாம். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். வாடகை பாக்கிக்காக நியாயம் கேட்கப் போகிறவர், தண்ணீரை நிறுத்திய எதிரியாக அங்கே போய் நிற்க வேண்டி வரும்.

நோட்டீஸை ஒரு வாரம் ஒத்திப்போடச் சொல்லிவிட்டு, கணக்கரோடு உட்கார்ந்து பேசினேன். அவர் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். எட்டு வருட மின்கட்டண ரசீதுகள், தேதி வரிசையில், துளை போட்டுக் கட்டியவை. 500 ரூபாயின் மர்மம் அங்கேதான் இருந்தது. நான்கு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அவருடைய மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய உரிமையாளர் தனி இணைப்பு வாங்கும் செலவை மிச்சப்படுத்த அப்படிக் கோத்துவிட்டு, ஈடாக வாடகையில் 500 குறைத்துக்கொண்டிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. விற்கும்போது தாளில் முழு வாடகையை எழுதிவிட்டார்.

500 ரூபாய் நியாயமான ஈடுதானா என்று கணக்குப் போட்டோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ இரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு 120. அவர் வீட்டுச் செலவு மட்டும் என்றால் 420 யூனிட். அன்றைய கட்டணத்தில் முதல் 100 இலவசம், மீதிக்கு 1,245 ரூபாய். மோட்டாரையும் சேர்த்தால் 540. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால் கூடுதல் 40 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அன்றைய விகிதத்தில், 101-லிருந்து 200 வரை 2.25 ரூபாயாக இருந்ததும் 4.50 ஆகிவிட்டது. தொகை 2,270. வித்தியாசம் 1,025 ரூபாய், மாதத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம். ஏமாற்றுக்காரர் என்று பெயர் வாங்கியவர் சில ரூபாய் நஷ்டத்தில்தான் இருந்திருக்கிறார்.

இதைக் காட்டியதும் உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதை முதல் மாதமே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லித்தான் இருக்கிறார்; “பழைய ஓனர் வாங்கியது இவ்வளவுதான்” என்ற வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

தீர்வு கடினமில்லை. பொது உபயோகத்துக்குத் தனி மின்இணைப்பு வாங்க வேண்டும். 2022-இல் பொது இணைப்புக்கென்று யூனிட்டுக்கு 8 ரூபாய் விகிதம் வந்து எல்லோரும் நொந்துகொண்டார்கள். பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிகளுக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 நவம்பர் முதல் அதை 5.50 ஆகக் குறைத்தார்கள். இந்த வீடு அதற்குள் பொருந்தியது. 120 யூனிட்டுக்கு 660 ரூபாய், நிலைக்கட்டணம் தனி. அதை நான்காகப் பிரிக்காமல் உரிமையாளரே ஏற்பது என்றும், கணக்கர் அடுத்த மாதம் முதல் 12,000 தருவது என்றும் முடிவாயிற்று. நான்கு வீட்டில் போய் மோட்டார் பணம் வசூலிக்கும் தொல்லைக்கு அந்தத் தொகை மலிவு.

அட்வான்ஸிலும் ஒரு முடிச்சு இருந்தது. தாளில் 60,000. கணக்கர் 75,000 என்றார். குடிவந்தபோது கொடுத்த 40,000-க்கு ரசீது உண்டு, பின்னால் கொடுத்த 35,000-க்கு இல்லை. விற்றவரைத் தொலைபேசியில் கேட்டபோது மறுக்கவில்லை, “ஆமாம், மறந்துவிட்டேன்” என்றார். மறந்த 15,000-ஐ அனுப்பவும் இல்லை. குடியிருப்பவர்களோடு ஒரு வீட்டை வாங்குகிறவர், அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸையும் கடனாக வாங்குகிறார். அந்தத் தொகையைக் கிரய விலையில் கழிக்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு முன்பே ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் வாடகை, அட்வான்ஸ், கடைசியாக வாடகை கொடுத்த மாதம், தனி ஏற்பாடு ஏதாவது உண்டா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், விற்பவரின் ஞாபக மறதி நம் தலையில் விடியாது. வில்லங்கச் சான்றுக்கு மூன்று முறை அலைகிறவர்கள் இதற்கு மாடிப்படி ஏறுவதில்லை.

இனி குளியலறை. பிளம்பர், டிராப்பைச் சுற்றி மட்டும் இரண்டடிக்கு உடைத்துப் புது இணைப்புப் போட்டால் போதும் என்றார். கொத்தனார் முழுத் தரையையும் எடுக்க வேண்டும் என்றார். பிளம்பரின் யோசனையில் செலவு கால்பங்குதான், உரிமையாளர் அந்தப் பக்கம் சாய்ந்தார். நான் கொத்தனார் பக்கம் நின்றேன். இணைப்பைச் சரிசெய்தாலும், பல மாதம் தண்ணீர் குடித்த செங்கல் ஜல்லி உள்ளேயே இருக்கும். அது காய எத்தனை காலமோ, அதுவரை கீழே சொட்டும். உரிமையாளர் மறுபடி நம்பிக்கை இழப்பார், கணக்கர் மறுபடி வாடகையை நிறுத்துவார். தவிர, அவ்வளவு நிரப்பலைச் சுமக்க அந்தத் தளத்தை யாரும் வார்க்கவில்லை.

உடைப்பதில் உண்மையான தடை வேறு. மேல் முன் போர்ஷனில் பிளஸ் டூ எழுதும் பெண், எழுபதைத் தாண்டிய பாட்டி. பொதுத்தேர்வு மார்ச்சில்தான். பத்து நாள் குளியலறை இல்லாமல் இருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? போதாக்குறைக்கு உரிமையாளர் அவர்கள்மேலும் கோபமாக இருந்தார். அடைப்பெடுக்க இரும்புக் கம்பியை விட்டுக் குத்தியது அவர்கள்தான், செலவில் பாதியை அவர்கள் தரட்டும் என்பது அவர் வாதம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இந்த விஷயத்தில் ஓரளவு தெளிவு. கட்டமைப்புப் பழுது, சுண்ணாம்பு, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, உள்ளும் புறமும் மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவரே சேதப்படுத்தியிருந்தால் கட்டமைப்புப் பழுதும் அவர் கணக்கில் போகும். ஆனால் கம்பி குத்தியதால்தான் உடைந்தது என்று எப்படி நிரூபிப்பது? இருபது வருடத்தைக் கடந்த இணைப்பு அது. அடைப்பெடுப்பது உங்கள் வேலை என்று பழைய உரிமையாளரே அவர்களிடம் சொல்லியிருக்கிறார், அவர்களும் எடுத்திருக்கிறார்கள். நிரூபிக்க முடியாத குற்றத்துக்கு வசூல் கேட்டால், அவர்கள் உடைக்கவே அனுமதிக்கமாட்டார்கள் என்றேன்.

மேல் பின் போர்ஷன் பிப்ரவரியில் காலியாகியிருந்தது. டு-லெட் பலகை தொங்கிக்கொண்டிருந்தது, ஒருவர் பார்த்துவிட்டும் போயிருந்தார். அதை வேலை முடியும்வரை காலியாகவே வைத்து, சாவியை மேல் முன் போர்ஷன் குடும்பத்திடம் கொடுப்பது ஒன்றே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. இதற்குச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு மாத வாடகை 22,000 வராது. வங்கித் தவணை நிற்காது. உரிமையாளரின் மனைவிதான் முடிவெடுத்தார்: “பாட்டியை வெளியே எங்கே அனுப்புவது? பலகையைக் கழற்றிவிடுங்கள்.” அந்த வீட்டில் கணக்கை உண்மையில் அறிந்தவர் அவர்.

ஏப்ரல் கடைசியில் உடைத்தார்கள். வெளியே வந்த ஜல்லி கறுப்புச் சேறாக இருந்தது, நாற்றம் படிக்கட்டு வரை வந்தது. துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாயையும் இதோடு எடுத்துவிட்டு, சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டோம். தளத்தின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை, சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மறுபடி தண்ணீர் கட்டிச் சோதித்தோம். இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடத்தான் கொத்தனார்கள் அவசரப்படுவார்கள். ஒட்டிய பிறகு சோதித்துப் பயனில்லை. கீழே தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம். மேலும் கீழும் சேர்த்து 92,000 ரூபாய்.

கணக்கரின் பாக்கி மூன்று மாதத்துக்கு 34,500. ஓர் அறையைப் பயன்படுத்த முடியாமல் இருந்ததற்கு ஒரு மாத வாடகையைத் தள்ளிவிட்டு, மீதி 23,000-ஐ வேலை முடிந்தபின் இரண்டு தவணையில் தருவதாகப் பேசி, தந்தும்விட்டார். சட்டப்படி இரண்டு மாத பாக்கியே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகலாம். ஆனால் அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். இவர்களிடம் இருந்தது விற்றவரின் நாலு வரித் தாள் மட்டும். அந்த நோட்டீஸ் போயிருந்தால் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கீழ்ப் பின் போர்ஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மூன்று இளைஞர்கள் ஐந்து பேரானார்கள். தண்ணீர் போதவில்லை, செப்டிக் டேங்க் நிரம்பியது. புதிதாக வந்த இருவரும் நண்பர்கள்தான் என்றார்கள், இருக்கலாம். ஒப்பந்தம் போட்டு அதில் எத்தனை பேர் என்று எழுதியிருந்தால் பேச்சே எழுந்திருக்காது. செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் குறைந்த விலை சொன்னார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம், ஒரு உயிர் போகும் வேலையும்கூட. 14420 என்ற எண்ணில் அழைத்தால் முறையான கழிவுநீர் லாரி வரும் என்று சொன்னேன். லாரிதான் வந்தது.

உரிமையாளருக்கு இன்னொரு ஆறுதல் நினைப்பு இருந்தது: 92,000-க்கும் ரசீது வைத்திருக்கிறேன், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். முடியாது. வாடகை வருமானத்தில், கட்டிய சொத்துவரி போக மீதியில் 30 சதவீதம் தானாகக் கழியும். பழுதுக்கு ஒரு பைசா செலவழிக்காதவருக்கும் அதே 30, வீட்டையே புரட்டிப்போட்டவருக்கும் அதே 30. என் யோசனையெல்லாம், வரவில் பத்தில் ஒரு பங்கையாவது ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள் என்பதுதான். முதல் வருடம் தப்பித்தவர்களை இரண்டாம் வருடம் மாடித் தொட்டி பிடித்துக்கொள்ளும்.

பழக்கமும் ஒன்று மாற வேண்டியிருந்தது. கறையைப் பார்க்க உரிமையாளர் இரவு எட்டு மணிக்கு, அலுவலகத்திலிருந்து வரும் வழியில், கணக்கர் வீட்டுக் கதவைத் தட்டுவார். சட்டம் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லச் சொல்கிறது, சூரியன் இருக்கும்போதுதான் போகலாம் என்கிறது. கணக்கரின் மனைவிக்கு வாடகைச் சண்டையைவிட இதுதான் அதிக வருத்தம். “தான் குடியிருக்கும் வீட்டுக்கு வருவதுபோல வருகிறார்” என்றார். இப்போது முதல் நாளே வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடுகிறது, ஞாயிறு காலையில் வருகிறார்.

பின்பக்க சன்ஷேடில் கம்பி தெரிகிறது, அது இன்னும் பாக்கி. விற்றவரிடமிருந்து 15,000 வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை. ஜூனில் நான்கு போர்ஷனுக்கும் ஒப்பந்தம் எழுதினார்கள். கணக்கர் தன் பிரதியை இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு, கடைசியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்துக் கொண்டுவந்தார்: பழுது பற்றி எழுத்தில் தெரிவித்தால் மூன்று நாளுக்குள் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். உரிமையாளர் அந்த மூன்றை அடித்து ஐந்து என்று திருத்தினார். இருவரும் திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்கள்.